பிரிக்கும் வீட்டின் மரம்

அன்பு நண்பா,

இங்கே எல்லோரும் நலம். தாளடி நடவு முடிந்த கையோடு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வீட்டில் பாதிக் கதவுகள் உப்பி இறுகிக் கிடக்கின்றன.

உன் புது வீட்டுப் படங்கள் பார்த்தேன். கூடத்துச் சுவர் முழுக்க எம்டிஎஃப் என்ற மரநார்ப் பலகையில் பூவேலை வைக்கப் போகிறாய். கும்பகோணத்துத் தாத்தா வீட்டையோ பிரித்து, மரத்தை மொத்த விலைக்குக் கொடுக்கப் போகிறீர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

நம் பக்கத்து வீடுகளில் மரவேலை அழகுக்கு மட்டும் இருந்ததில்லை. முற்றத்துத் தூண்மேல் இருக்கும் போதிகையைப் பார். இரு பக்கமும் கை நீட்டி உத்திரத்தைத் தாங்குவதால், இரண்டு தூணுக்கு நடுவே உத்திரம் தாண்ட வேண்டிய தூரம் குறைகிறது. அந்தக் கையின் நுனியைத்தான் வாழைப்பூவாகச் செதுக்கினார்கள்.

கதவும் அப்படித்தான். மரம் நீளவாக்கில் அதிகம் மாறாது, குறுக்குவாக்கில்தான் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும். அதனால் சட்டத்தில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்து, நடுப்பலகையை ஆணியும் பசையும் இல்லாமல் அதில் நுழைத்துவிடுவார்கள். பலகை அசைய இடம் இருப்பதால் வெடிக்காது. அந்த விளிம்பில் ஓடும் வரிவேலை இடைவெளியைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும். வாசல் நிலைக்கு மேலே இருக்கும் கஜலட்சுமி மட்டும் வேலைக்காக இல்லை, வீட்டின் மங்கலத்துக்காக. அதுவும் வேண்டியதுதானே!

எம்டிஎஃப் என்பது மரநாரைப் பசையோடு அழுத்திய பலகை. சாதாரண ரகத்தின் விளிம்பில் தண்ணீர் இறங்கி உப்பினால் பழையபடி ஆகாது. தினமும் துடைக்கும் தரையோரத்தில் அதை வைக்காதே. கணினி ஓட்டிச் செதுக்கும் சிஎன்சி மெஷினை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தேக்கிலும் அதை வைத்து வெட்டலாம். ஆனால் சுழலும் கத்தி உள்மூலைகளை வட்டமாகத்தான் விடும், கூர்மை வேண்டுமென்றால் உளி பிடிக்கத் தெரிந்த கை வேண்டும். பெரம்பலூர்ப் பக்கம் அரும்பாவூரில் அப்படிப்பட்ட கைகள் இன்னும் இருக்கின்றன. அவர்களுடைய மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அதனால் ஒன்று செய். வியாபாரியிடம் விலை பேசும் முன்பே வாசல் நிலை, கதவு, நாலு தூண், போதிகைகள் நமக்கு என்று ஒதுக்கிவிடு. சுவருக்குள் இருந்த முனைகளில் கரையான் அரித்திருக்கிறதா என்று உளியால் குத்திப் பார்க்கச் சொல். இழைப்பதற்கு முன் பழைய ஆணிகளை எல்லாம் பிடுங்க வேண்டும், இல்லாவிட்டால் மெஷின் கத்தி போய்விடும். பழைய நிலை குள்ளமாக இருந்து தலைவாசலுக்கு ஒத்துவராவிட்டால் பூஜை அறைக்கு வைக்கலாம். பூஜை அறை வாசலின் அளவையும் வீடு பிரிக்கும் தேதியையும் எழுது. தெரிந்த ஆசாரியைக் கூட்டிக்கொண்டு நானே போய் நிற்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி