குடியிருப்போர் நலச் சங்கம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம். 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை நம் சங்கம் செய்தவற்றையும் செய்யாமல் விட்டவற்றையும் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

பொங்கல் விளையாட்டுப் போட்டிகள் வழக்கம்போல் நடந்தன. குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் கொடியேற்றினோம். இரண்டாம் வீதிச் சாக்கடை தூர்வாரப்பட்டது. நான்காம் வீதித் தெருவிளக்குகளுக்காக மூன்று மனுக்கள் கொடுத்தும் இரண்டு விளக்குகள் இன்னும் எரியவில்லை.

ஏப்ரல் 24 மாலை, வங்கதேசத்தின் சவாரில் ராணா பிளாசா கட்டடம் 2013இல் இடிந்து உயிரிழந்த 1,100க்கும் மேற்பட்ட தையல் தொழிலாளர்களை நினைத்து மெழுகுவர்த்தி ஏற்றினோம். முந்தைய நாளே சுவரில் விரிசலைக் கண்டும் மறுநாள் வேலைக்கு வரச்சொல்லி அவர்களை அழைத்தார்கள். அந்த மாலைக்கு வந்தவர்கள் பதினோரு பேர். பனியன் கம்பெனிக்கு ஆள் போகாத வீடு ஒன்றுகூட இல்லாத திருப்பூரில் இது எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது.

இனி ஜூன் மாதம் தொடங்கி ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குச் சங்கத்தின் முன்னறையில் நான் நடத்திவரும் உதவி மேசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டு அட்டை, பி.எஃப். என்னும் வருங்கால வைப்புநிதி எண், சம்பளச் சீட்டு ஆகியவற்றோடு வருகிறவர்களுக்கு அவற்றைப் படித்துச் சொல்லி, விட்டுப்போனதைக் கேட்டு மனு எழுதிக் கொடுப்பதுதான் அங்கு நடக்கும் வேலை. இது தொழிற்சங்கம் பார்க்க வேண்டியது, நமக்குச் சாக்கடையும் குப்பையும் போதும் என்று செயற்குழுவில் சிலர் கூறினர். அவர்கள்மீது எனக்கு மதிப்பு உண்டு. அந்தக் கருத்தை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை.

ஜவுளி ஏற்றுமதிக்கு நாடுவாரியாக இருந்த ஒதுக்கீட்டு முறை 2004 இறுதியோடு முடிந்த பிறகு இங்கே ஆர்டர் பெருகியது, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள், காலிமனைகளெல்லாம் லைன் வீடுகளாயின, அதாவது வரிசையாகக் கட்டிய சிறு வாடகை வீடுகளாயின. நம்மில் பலர் வீடு கட்டியதும் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்ததும் அந்த வருமானத்தில்தான் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் நொய்யல் ஆற்றைக் கெடுத்ததும் அதே ஆர்டர்தான். பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது; கீழ்ப்பகுதி விவசாயிகள் வழக்காடினார்கள்; 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. தொடக்கத்திலேயே சுத்திகரிப்புக்குச் செலவிட்டிருந்தால் ஆறும் பிழைத்திருக்கும், பட்டறைத் தொழிலாளியும் வேலையின்றி நின்றிருக்க மாட்டார். அந்தச் செலவு துணியின் விலையில் சேரவேயில்லை. அதனால் நம் கிணறுகள் அதைச் சுமந்தன.

இவ்வாண்டு சுமை வேறு வழியில் வந்தது. அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது ஆகஸ்டு 7 முதல் 25 சதவீதமும், ஆகஸ்டு 27 முதல் மேலும் 25 சதவீதமும் கூடுதல் வரி விதித்தபோது, வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அது 20 சதவீதமாகவே இருந்தது. அந்த முடிவு எடுத்த இடத்துக்கும் நம் வீதிக்கும் கடல் கடந்த தூரம் இருந்தாலும், சில வாரங்களுக்குள் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகச் சுருங்கி, சில வீடுகளில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்றாகி, சனிக்கிழமைச் சம்பளம் வாடகைக்கே போதாமல் போயிற்று.

நாள் குறைந்தால் கூலி மட்டும் குறைவதில்லை என்பது பலருக்குத் தெரியவில்லை. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் சேராவிட்டால் இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை கிடைக்காது. அக்டோபரில் தொடங்கிய காலம் மார்ச் 31இல் முடிகிறது; அதற்குள் நாள்கணக்கைப் பார்க்காதவர்கள் வரும் ஜூலைக்குப் பிறகு காய்ச்சலில் படுத்தால் வெறுங்கையோடு இருப்பார்கள். மூன்றாம் வீதியில், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை செய்யும் ஒரு சகோதரியிடம் ஐந்து மாதம் இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்தும் அவர் எண்ணில் ஒரு நாள்கூடப் பதிவாகவில்லை. அப்போது அவர் கர்ப்பிணி. மேசையில் எழுதிய மனுவுக்குப் பிறகு கம்பெனி பாக்கியைக் கட்டியது. நவம்பரில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது, பேறுகால உதவியும் வந்தது. இந்த ஒரு வீட்டுக்காகவாவது மேசையைத் தொடங்கியது சரியே என்று நம்புகிறேன்.

நவம்பர் 21ஆம் தேதி முதல், பழைய சட்டங்கள் 29க்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. இவற்றில் நியமனக் கடிதம் கட்டாயம். டிசம்பர் 10 அன்று, உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 23, 24, 25ஆம் உறுப்புகளை, அதாவது நியாயமான கூலி, ஓய்வு, போதிய வாழ்க்கைத்தரம் ஆகியவற்றைப் பற்றியவற்றை, வாசித்தபோது வந்திருந்த இளைஞர்களிடம் நியமனக் கடிதம் உண்டா என்று கேட்டேன். ஒருவரும் கை தூக்கவில்லை.

அந்த இளைஞர்களில் ஒருவர்கூட நம் உறுப்பினர் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். லைன் வீட்டு உரிமையாளர்கள் குடியிருப்போரைச் சேர்க்கத் தயங்குகிறார்கள். தம் சந்தாவையும் பலர் இரண்டாண்டுகளாகச் செலுத்தவில்லை. வேலையில்லாத வீடுகளிடம் நான் சந்தா கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். வாடகை முறையாக வருகிறவர்களிடம் ஆறு முறை நேரில் சென்று கேட்டேன். பன்னிரண்டு செயற்குழுக் கூட்டங்களில் ஐந்து, போதிய வருகையின்றி ஒத்திவைக்கப்பட்டன.

வரவுசெலவு விவரத்தைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு, மனுக்களுக்கான நகல், தபால் செலவு சிறிது கூடியுள்ளது. தலைவர், துணைத்தலைவர், நாற்காலி தந்துதவிய கோயில் கமிட்டியார், இந்தியில் பேசி உதவிய கல்லூரி மாணவர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் மேசையை நான் ஒருவனாக நடத்த முடியாது; கண் பார்வையும் முன்போல் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, மூன்று மணி நேரம் ஒதுக்கக்கூடிய நால்வர் இருந்தால் போதும். லைன் வீட்டு உரிமையாளர்கள், மார்ச் 31க்கு முன் தம் வீடுகளில் உள்ளோரை அட்டையோடு ஒரு முறை அனுப்பிவைத்தால் பெரிய உதவியாக இருக்கும். பெயர் கொடுக்க விரும்புவோருக்காக ஏட்டை வாசல் மேசையில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்