பிளாஸ்டிக் கப்பலின் ஓய்வுக்காலம்

ஆசிரியருக்கு,

ஓய்வுபெற்ற போர்க்கப்பல் என்றாலே உடைக்கும் தளம்தானா? பிரிட்டனின் எச்.எம்.எஸ். வில்டனைப் பாருங்கள். 1973-இல் கடற்படையில் சேர்ந்த, கண்ணாடியிழை கலந்த பிளாஸ்டிக்கால் கட்டிய உலகின் முதல் போர்க்கப்பல் அது, கடலில் கண்ணிவெடி அகற்றுவதே அதன் வேலை, இரும்பு உடல் என்றால் காந்தக் கண்ணிவெடி சும்மா விடாது, அதனால்தான் இந்தப் பிளாஸ்டிக் உடம்பு, ஆனால் உள்ளே இருந்த இயந்திரங்கள் டெரிட்டன் என்ற பழைய மரக்கப்பலில் கழற்றிச் சீர்செய்தவை (சிக்கனம் அவர்களுக்கும் உண்டு!). 1974-இல் சூயஸ் கால்வாயில் கிடந்த வெடிபொருள்களை அகற்றும் வேலைக்கும் போனது. 1994-இல் ஓய்வு. அப்புறம் தேம்ஸ் முகத்துவாரத்தில், லீ-ஆன்-சீ கரையோரம், எசெக்ஸ் பாய்மரப் படகுச் சங்கத்துக்கு மிதக்கும் கிளப் ஆகிவிட்டது. துருப்பிடிக்காத உடம்பு, பிறகென்ன!

– வாசகர், தூத்துக்குடி