எத்தனை கன்றுகள் என்பது மட்டும் கணக்கல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட சென்னையில் மரக்கன்று நடும் விழா எங்கு நடந்தாலும், எத்தனை ஆயிரம் கன்றுகள் நடப்பட்டன என்பதைத் தங்கள் நாளிதழ் தவறாமல் வெளியிடுகிறது. அவற்றில் எத்தனை சிற்றினங்கள், அதாவது எத்தனை வகைச் செடிகள், ஒவ்வொன்றிலும் எத்தனை கன்றுகள் என்ற விவரத்தை நான் ஒருமுறைகூடப் படித்ததில்லை. தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இது என்னை உறுத்துகிறது.

இரண்டு நிலங்களில் தலா நூறு செடிகளும் ஐந்து சிற்றினங்களும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் சிற்றினத்துக்கு இருபது செடிகள். மற்றதில் 96 சீமைக் கருவேலம், மீதி நான்கு சிற்றினங்களுக்கும் ஒவ்வொரு செடி. பெயர்ப் பட்டியலில் இரண்டும் சமம். ஆனால் சிற்றினப் பன்மையை, அதாவது பல வகைகள் எவ்வளவு சமமாகக் கலந்திருக்கின்றன என்பதை அளக்க, 1949-இல் புள்ளியியலாளர் எட்வர்ட் சிம்ப்சன் வகுத்த அளவையை அடியொற்றி, ஒவ்வொரு சிற்றினத்தின் பங்கையும் (நூறில் இருபது என்றால் 0.2) வர்க்கமாக்கிக் கூட்டி, அந்தத் தொகையால் ஒன்றை வகுத்தால், முதல் நிலத்துக்கு 5 கிடைக்கிறது; இரண்டாவதற்கு ஏறத்தாழ 1.1தான். ஐந்து பெயர்கள் இருந்தும் அது கிட்டத்தட்ட ஒற்றைச் செடியின் காடு என்பதை அந்த எண் சொல்லிவிடுகிறது. பள்ளிக் கணக்கு தெரிந்த எவரும் இதைப் போட்டுவிடலாம்.

கணக்கைவிடக் களத்தில் எண்ணுவதே கடினம். எண்ணூருக்கு வடக்கே ஒரு மணல்மேட்டில் மாணவியரோடு கயிறு கட்டி, ஒரு மீட்டர் சதுரம் அமைத்து அமர்ந்தபோது, அடும்புக்கொடியைத் தூக்கிப் பிடித்த ஒரு பெண், "டீச்சர், இது ஒரு செடியா, பத்துச் செடியா?" என்று கேட்டாள். கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடும் கொடி அது. ஒரு முனை சதுரத்துக்குள்ளும் மறுமுனை வெளியிலும் கிடந்தது. இத்தகைய கொடிகளையும் புற்களையும் தலை எண்ணுவதில் பயனில்லை. சதுரத்தில் எத்தனை விழுக்காட்டை அவற்றின் இலைகள் மூடியிருக்கின்றன என்று மதிப்பிட்டு எழுதுவதே வழக்கம். மரங்களுக்கு ஒரு மீட்டர் சதுரம் போதாது. பத்து மீட்டராவது வேண்டும். சதுரங்கள் கூடக் கூடப் புதிய சிற்றினங்களும் கூடிக்கொண்டே வரும் என்பதால், ஓரிடத்தில் ஐந்து சதுரமும் வேறிடத்தில் ஐம்பது சதுரமும் பார்த்துவிட்டு, கிடைத்த பெயர்களின் எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடுவது நியாயமாகாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எண் பெரிதாக இருந்தால் நிலம் நலமாக இருக்கிறது என்று பொருளில்லை. கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய உப்புச் சேற்றில் உமரியும் அலையாத்தியும் தழைக்கும். உப்பைத் தாங்கும் செடிகள் சிலவே என்பதால், அங்கே இந்த எண் இயல்பாகவே தாழ்வாகத்தான் இருக்கும். அதை உயர்த்துகிறோம் என்று மண்ணடித்து மேடாக்கிப் பத்து வகை மரம் நட்டால், காகிதத்தில் சிற்றினப் பன்மை கூடும், சதுப்பு அழிந்துவிடும். ஆகவே ஓரிடத்தை அதே வகையான, கெடாத இன்னோர் இடத்தோடுதான் ஒப்பிட வேண்டும். எண்ணோடு சிற்றினப் பெயர்களும் வெளிவர வேண்டும்.

கணக்கெடுக்கும் மாதத்தையும் குறிப்பிடச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் வெறும் தரையாகக் கிடக்கும் இடத்தில், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் மார்கழியில் போய்ப் பார்த்தால், முழங்கால் உயரத்துக்குச் சிறு செடிகள் பூத்து நிற்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
திருவொற்றியூர்.