கொடி விழுந்தாச்சு

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்புத் தோழிக்கு,

பேத்தியும் தாயும் சுகம். தூக்கம் போனது எனக்குத்தான். உன் மகளுக்கு ஐப்பசியில் பிரசவம் என்றாயே, அதனால் தொப்புள் கொடி சமாச்சாரத்தை மட்டும் எழுதுகிறேன். மற்றதைப் போனில் பேசலாம்.

வீட்டுக்கு வந்தபோது பிளாஸ்டிக் கிளிப்போடு வெளுத்து ஈரமாக இருந்தது. போகப்போகப் பழுப்பேறி, கருத்து, வத்தல் மாதிரி சுருங்கிவிட்டது. அடியில் மட்டும் லேசான பிசுபிசுப்பு. நர்ஸ் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "எதையும் போடாதீங்க." நம் வீடுகளில் அதுதானே முடியாத காரியம்! சம்பந்தியம்மா விளக்கெண்ணெயில் மஞ்சள் குழைத்துக் கிண்ணத்தோடு வந்து நின்றார். அந்தக் காலத்தில் சாணிச் சாம்பலே வைப்பார்கள். சாணியிலும் மண்ணிலும் இருக்கிற டெட்டனஸ் கிருமி அந்த வழியாக ஏறித்தான் எத்தனையோ பச்சைக் குழந்தைகள் ஜன்னி கண்டு போயின. கர்ப்பிணிக்கு ஊசி, ஆஸ்பத்திரிப் பிரசவம் என்றெல்லாம் வந்து, 2015-இல்தான் அந்த நோய் இந்தியாவின் எல்லா மாவட்டங்களிலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது என்று உறுதியானது. இதைச் சொன்னதும் கிண்ணம் அடுப்படிக்குத் திரும்பிப் போனது.

நம்ம ஊர்ப் புழுக்கத்தில் காற்றுப் பட விடுவதுதான் வைத்தியம். டயப்பரின் முன்பக்கத்தை மடித்துத் தொப்புளுக்குக் கீழே கட்டச் சொல். மூத்திரம் பட்டால் ஆறின வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்து, ஈரம் போக ஒற்றி எடுத்தால் போதும். விழும்வரை நாங்கள் தலைக்கு ஊற்றவில்லை, உடம்பைத் துடைத்துவிட்டதோடு சரி. கடைசியில் ஒரு நூலில் ஊசலாடும் பார், அப்போதுதான் கை துறுதுறுக்கும். இழுத்துவிடாதே.

இரண்டாவது வாரம் சட்டை மாற்றும்போது தானாக விழுந்தது. துணியில் இரண்டு சொட்டு ரத்தத்தைப் பார்த்து மகள் அழுதே விட்டாள். அது சகஜம்தான். மூன்று வாரம் தாண்டியும் விழாவிட்டால் டாக்டரிடம் காட்டு. சுற்றிலும் தோல் சிவந்து பரவினாலோ, சீழும் நாற்றமும் வந்தாலோ, காய்ச்சல் கண்டு பால் குடிக்காமல் துவண்டாலோ, ராத்திரி என்றும் பாராமல் ஜிப்மருக்கு ஓடு. விழுந்த இடத்தில் சிவப்பாய்ச் சதை நின்று கசிந்தாலும் காட்டத்தான் வேண்டும். தொப்புளில் காசு வைத்துக் கட்டுகிறேன் என்று யாராவது கிளம்பினால் விடாதே.

காய்ந்த கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டப் போகிறாராம் சம்பந்தியம்மா. அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை, மஞ்சளை விட்டுக்கொடுத்தவர் அல்லவா.

பழைய வேட்டிகளைக் கிழித்து, துவைத்து, வெயிலில் காயவைத்திருக்கிறேன். உனக்கும் வேண்டுமென்றால் சொல். மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை புதுச்சேரி வருகிறார், கொடுத்தனுப்புகிறேன்.

உன்
மஞ்சக்குப்பத்துக்காரி