வணிகர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை: கூட்டுக் கொள்முதலின் முதல் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள வணிகப் பெருமக்கள் அனைவருக்கும் வணக்கம். சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி தொடங்கப்பட்ட கூட்டுக் கொள்முதலே, அதாவது உறுப்பினர்கள் ஒன்றுசேர்ந்து மொத்தமாகச் சரக்கு வாங்கும் முறையே, இவ்வாண்டு நமது தலையாய பணியாக இருந்தது. ஆகவே இவ்வறிக்கையும் பெரிதும் அதைப் பற்றியே அமைகிறது. சந்தா வசூலும் தணிக்கையும் முறைப்படி முடிந்துள்ளன. விவரங்களைப் பொருளாளர் தெரிவிப்பார்.

சங்கிலித் தொடர் கடைகள் தம் லாபத்தை விட்டுக்கொடுத்துத்தான் மலிவாக விற்கின்றன என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இன்னும் இருக்கிறது. உண்மையில் அவை எல்லாக் கிளைகளின் தேவையையும் ஒரே ஆர்டராகத் திரட்டி, சரக்கை உற்பத்தியாளரிடமிருந்து நேரடியாகத் தம் கிடங்கில் இறக்கிக்கொள்கின்றன; அதனால் கொள்முதல் விலையும் போக்குவரத்துச் செலவும் குறைகின்றன. இதைவிடப் பெரிய அனுகூலம் கடன் தவணை. சரக்கை விற்றுப் பணமாக்கிய பின்னரே அதற்குரிய தொகையைச் செலுத்தும் அளவுக்கு அவற்றுக்கு நாள் கிடைக்கிறது. நாமோ தனித்தனியே நின்று, சிறிய அளவில், பெரும்பாலும் ரொக்கம் கொடுத்து வாங்குகிறோம்.

இந்த நிலையை மாற்றிக் காட்டிய வணிகர்கள் நமக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். 1898இல் பெர்லின் நகரின் மளிகை வணிகர்கள் சிலர் தொடங்கிய கொள்முதல் கூட்டுறவிலிருந்து வளர்ந்ததே இன்றைய ஜெர்மானிய மளிகைக் கடைக் குழுமமான எடேகா. அமெரிக்காவில் ஏ அண்ட் பி என்ற ஒரே நிறுவனம் 1930 அளவில் 15,000க்கும் மேற்பட்ட கடைகளை நடத்தியது. இத்தகைய பெரிய நிறுவனங்களின் போட்டிக்கு ஈடுகொடுக்கத் தனிக்கடைக்காரர்களை ஒன்றுசேர்த்து 1926இல் உருவானது ஐ.ஜி.ஏ. என்ற மளிகைக் கடைக்காரர் கூட்டமைப்பு. 1932இல் நெதர்லாந்தில் மொத்த வணிகர் ஒருவரின் முயற்சியால் தொடங்கிய ஸ்பார் அமைப்பின் பெயரே, ஒற்றுமையாகச் செயல்பட்டால் அனைவரும் பயன்பெறுவர் என்ற பொருளுடைய டச்சுத் தொடரிலிருந்து பிறந்தது. எடேகா, ஐ.ஜி.ஏ., ஸ்பார் ஆகிய மூன்றிலும் கடைக்காரர் தம் கடைக்குத் தாமே முதலாளியாக இருந்துகொண்டு கொள்முதலில் கைகோத்தார் என்பதே என்னை மிகவும் கவர்ந்தது.

நமது அனுபவத்துக்கு வருகிறேன். விரைவில் விற்றுத் தீரும், கெட்டுப்போகாத சரக்குகளை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டோம். தொடக்க மாதங்களில் எதிர்பார்த்த அளவுத் தள்ளுபடியும் கிடைத்தது. அதன்பின் விநியோகஸ்தர் ஒருவர் நம் உறுப்பினர்கள் சிலரைத் தனியே அணுகி, கூட்டு விலையைவிடக் குறைத்துத் தருவதாகச் சொன்னார். அவர்கள் முன்னறிவிப்பின்றி விலகவே மொத்த ஆர்டர் தள்ளுபடிக்குரிய அளவுக்குக் கீழே இறங்கியது. உறுதியாக நின்றவர்கள் கூடுதல் விலை கொடுத்தார்கள். விலகியவர்களுக்காக வாங்கிய சரக்கு கிடங்கில் தேங்கியது. அடுத்த மாதமே அந்தத் தனிச் சலுகையும் நிறுத்தப்பட்டது. விலகியவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. கையில் பணம் முடங்கியிருக்கும் வேளையில் குறைந்த விலையை மறுப்பது எவருக்கும் கடினம். ஆயினும் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி ஆர்டர் கொடுத்தது செயலாளர் என்ற முறையில் நான் செய்த பிழை என்பதைப் பதிவு செய்கிறேன்.

விற்பனை விலையையும் நாமே ஒன்றுகூடி நிர்ணயிக்கலாமே என்று சில உறுப்பினர்கள் கேட்டிருந்தார்கள். போட்டியாளர்கள் தமக்குள் பேசி விற்பனை விலையை நிர்ணயிப்பதைப் பல நாடுகளின் போட்டிச் சட்டங்கள் தடைசெய்கின்றன. ஆகவே சங்கம் அதில் இறங்காது. வீடு தேடிச் சரக்கு கொண்டுசேர்க்கும் பொது வாகன ஏற்பாடு தடையின்றி நடந்து வருகிறது.

மேற்கண்ட அனுபவத்தின் அடிப்படையில் செயற்குழு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. ஒவ்வோர் உறுப்பினரும் தமக்கு வேண்டிய அளவை எழுத்துப்பூர்வமாகத் தந்து, அதன் மதிப்பில் ஒரு பகுதியை முன்பணமாகச் செலுத்த வேண்டும். இடையில் விலகுவோரின் முன்பணம், தேங்கும் சரக்கின் இழப்புக்கு ஈடாக எடுத்துக்கொள்ளப்படும். விநியோகஸ்தர்களுடன் பேசும் பொறுப்பு, ஆண்டுதோறும் மாறும் கொள்முதல் குழுவிடம் ஒப்படைக்கப்படும். இவ்விரண்டையும் பொதுக்குழுவின் விவாதத்துக்கும் வாக்கெடுப்புக்கும் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்