மாதர் வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதம் ஒரு தலைப்பு என்று சிதறாமல், வருடம் முழுக்க ஒரே விஷயத்தைப் படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே பல நாட்டுப் பெண்கள் சேர்ந்து செய்த வேலைகளை எடுத்துக்கொண்டோம். "நமக்கும் ஜெனீவாவுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று அன்று கேட்ட உறுப்பினர், இந்த ஆண்டு ஒரு கூட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. பன்னிரண்டு கூட்டம் போட்டிருந்தோம், நடந்தது ஒன்பது. இரண்டை மழை கொண்டுபோனது. இன்னொன்று, நாம் முன்பணம் கொடுத்திருந்த மண்டபத்தை அதே நேரத்துக்கு ஒரு வளைகாப்புக்கும் கொடுத்துவிட்டதால் நின்றது. அங்கே நமக்கும் புளியோதரை கிடைத்ததால் புகார் எழுதவில்லை.

முதல் கூட்டத்தில் சுவிட்சர்லாந்தின் சூரிச் மாநாடு. 1919 மே மாதம் ஜெயித்த நாடுகள் பாரிசில் சமாதான ஷரத்துகளை எழுதிக்கொண்டிருந்தன. தோற்ற நாட்டுப் பெண்கள் அங்கே போக முடியாது என்பதால் சூரிச்சில் கூடினார்கள். போரில் ஜெர்மானியப் படை பிடித்துவைத்திருந்த பிரான்சின் ஆர்டென் பகுதியிலிருந்து ஜான் மெலன் தாமதமாக வந்து சேர்ந்தார். ஜெர்மனியின் லிடா ஹேமன் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த இடத்தைப் படித்த நம் டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனார். பாரிசில் எழுதிய அந்த ஷரத்துகள் (வெர்சாய் ஒப்பந்தம்) அடுத்த பகைக்கு வித்திடும் என்று அந்த மாநாடு அப்போதே தீர்மானம் போட்டது.

அங்கே பெயர் சூட்டிக்கொண்ட அமைதிக்கும் விடுதலைக்குமான பெண்கள் சர்வதேச லீக், ஜெனீவாவில் அலுவலகம் திறந்தது. செயலாளரும் பொருளாளருமாக அமர்ந்தவர் எமிலி பால்ச். போரை எதிர்த்ததால் அமெரிக்காவில் பேராசிரியர் வேலையை இழந்தவர். 1946-ல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஒரு செயலாளருக்கு நோபல் என்றதும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். மினிட்ஸ் புத்தகம் பாக்கியில்லாமல் எழுதப்பட்டிருக்கிறது, என்னால் ஆனது அது.

அப்புறம், பெண்களின் ஓட்டுரிமைக்காக இயங்கிய இன்னொரு சர்வதேச அமைப்பின் 1926 பாரிஸ் மாநாடு. 1917-ல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போயிருந்தார். மறு வருடமே சென்னை சட்டசபையில் துணைத்தலைவரானார். ஆனால் நம் கூட்டத்தில் பேச்சு அவரைவிட்டு எங்கோ போய்விட்டது. பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்பது மாதிரியான தனிச் சட்டங்கள் பாதுகாப்பா, வேலைக்கு வேட்டா என்று பாரிசில் பெரிய சண்டை. தனிச் சட்டமே வேண்டாம் என்ற அமெரிக்கக் கட்சிக்கு உறுப்பினர் இடமே மறுக்கப்பட்டது. நம்மில் ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்ப்பவர் அமெரிக்கர் பக்கம். முப்பது வருடம் நைட் டியூட்டி பார்த்த நர்ஸ் அக்கா எதிர்ப்பக்கம். காபி ஆறிப்போனது, முடிவு வரவில்லை. பாரிசிலேயே வராதது மொட்டை மாடியில் வந்துவிடுமா?

அதே அமைப்பின் 1929 பெர்லின் மாநாட்டுக்குச் சரோஜினி நாயுடுவும் கமலாதேவி சட்டோபாத்யாயாவும் போனார்கள். அரங்கில் மற்ற நாட்டுக் கொடிகளெல்லாம் இருக்க, இந்தியாவுக்கு என்று ஒன்று இல்லை. இவர்கள் தங்கள் புடவைகளைக் கிழித்துத் தைத்து ஒரு கொடி செய்தார்கள் என்பது கமலாதேவி சொல்லிப் பிரபலமான சம்பவம். பட்டா, பருத்தியா என்று நம்மவர்கள் அரை மணி நேரம் விவாதித்ததை மினிட்ஸில் சேர்க்கவில்லை.

அதிகம் பேர் வந்தது லாகூர் கூட்டத்துக்கு. சர்வதேசம் என்று பெயர் இருந்தாலும் தலைமை, மொழி, பயணச் செலவு எல்லாமே ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் தோதாகவே இருந்தன. ஆசியப் பெண்கள் தனியாகக் கூடட்டும் என்று கடிதம் எழுதிக் கிளப்பியவர், அடையாறு சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மார்கரெட் கசின்ஸ். 1931 ஜனவரியில் லாகூரில் அனைத்து ஆசியப் பெண்கள் மாநாடு நடந்தது. இலங்கை, பர்மா, பாரசீகம், ஜப்பான் என்று பல இடங்களிலிருந்து வந்தார்கள். தலைமை தாங்க வேண்டிய சரோஜினி நாயுடு அப்போது சிறையில் இருந்தார். ஆசியப் பெண்களைக் கூட்ட ஓர் ஐரிஷ்காரம்மாதான் வர வேண்டியிருந்ததா என்று இளைய உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. என் கருத்து: முகவரிப் பட்டியலும் தபால்தலையும் யார் கையில் இருக்கிறதோ, அவர் கூப்பிட்டால்தான் கூட்டம் சேரும். இரண்டாவது மாநாடு நடக்கவே இல்லை.

1932-ஐப் பற்றி நான் கொஞ்சம் நீட்டிப் பேசிவிட்டேன், மன்னிக்கவும். ஜெனீவா ஆயுதக் குறைப்பு மாநாட்டில் பிப்ரவரி 6 அன்று பெண்கள் அமைப்புகள் மனுக்கட்டுகளை ஊர்வலமாகச் சுமந்துவந்து கொடுத்தன. ஏறக்குறைய 80 லட்சம் கையெழுத்துகள். கம்ப்யூட்டரும் இல்லை, ஜெராக்ஸும் இல்லை. அதே நாட்களில் ஷாங்காயில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. அதைப் பேச லீக் ஆஃப் நேஷன்ஸின் (ஐ.நா.வுக்கு முன்பிருந்த நாடுகளின் சங்கம்) கவுன்சில் கூடியதால் மாநாடே ஒரு மணி நேரம் தள்ளித்தான் தொடங்கியது. மறு வருடம் ஜெர்மனி வெளியேறிவிட்டது. நம் தெருவிளக்கு மனுவுக்கு 140 கையெழுத்து வாங்க எனக்கு ஆறு வாரம் ஆனது. விளக்கு இன்னும் வரவில்லை.

வேற்று நாட்டவரை மணந்த பெண் தன் குடியுரிமையை இழக்கும் சட்டம் பற்றிய கூட்டம் சுருக்கமாக முடிந்தது, கரண்ட் போய்விட்டது. குடியுரிமையில் ஆண், பெண் வேற்றுமை கூடாது என்ற 1933 மான்டெவிடியோ உடன்படிக்கை வரை வந்திருந்தோம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி ஏழு பேர், பெயர் சொல்லவில்லை. மாடியைக் கொடுத்த குடும்பத்துக்கு நன்றி; அவர்களுடைய இரண்டு எவர்சில்வர் டம்ளர் யார் வீட்டிலாவது இருந்தால் கொண்டுவந்து தரவும். மழையால் நின்றுபோன கூட்டத்தில் படிக்க வைத்திருந்த 1935 இஸ்தான்புல் மாநாட்டை அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு, மாலை நாலரை மணிக்குப் படிக்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்