சோழர் காலத் தொடர்களில் முகமும் மாளிகையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சோழர் காலத்தைக் களமாகக் கொண்டு நம் தொலைக்காட்சிகளில் வரும் தொடர்களைப் பற்றி யாராவது குறை சொன்னால், "இது வரலாற்றுப் பாடமல்ல, பொழுதுபோக்கு" என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. தொடரின் தொடக்கத்தில் கண்ணிமைக்கும் நேரம் தோன்றி மறையும் "கற்பனை கலந்தது" என்ற அறிவிப்பும் அதே பதிலின் சுருக்கம்தான். கற்பனைக்கு நான் எதிரியல்லன். ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனின் கொலையில் தொடர்புடையவர்களின் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. கொலைக்கான காரணத்தை அது சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில் ஒரு கதாசிரியர் காதலையும் பழிதீர்த்தலையும் வைத்துப் பின்னுவாரானால் அது அவருடைய உரிமை. சான்று மௌனமாக இருக்கும் இடத்தில் கற்பனை பேசட்டும். சான்று கண்ணெதிரே நிற்கும் இடத்திலும் அதைப் பார்க்க மறுப்பது ஏன் என்பதே என் கேள்வி.

சோழர் காலத்து மக்கள் எப்படித் தோன்றினார்கள், எதை உடுத்தினார்கள் என்பதை நாம் ஊகிக்க வேண்டிய தேவை இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே.கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். வெள்ளை யானைமீது சுந்தரரும் குதிரைமீது சேரமான் பெருமாளும் கயிலை நோக்கி விரையும் காட்சி, திரிபுரம் எரித்த சிவனின் சினம், தில்லைக் கூத்தனை வணங்கும் அரசகுலத்தார், ஆடல் மகளிர் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சமூகமே அந்தச் சுவரில் நிற்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடுப்பில் மெல்லிய, பூவேலை செய்த துணி. மேனியில் துணியைவிட அணிகலன்களே மிகுதி. விதவிதமாக முடிந்த கொண்டைகள். நம் தொடர்களில் அரசர்கள் அணியும் வெல்வெட்டு அங்கியையும், இயந்திரச் சரிகை மின்னும் மேலாடையையும் அந்தச் சுவரில் தேடினால் கிடைக்காது. அந்தக் காலத்துப் பெண்களின் உடையை அப்படியே சின்னத்திரையில் காட்ட முடியாது என்பதை அறிவேன். வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கும் நேரத்தில் மேலாடை போர்த்திக் காட்டுவது நியாயமே. ஆனால் அந்த ஒரு காரணத்தைச் சொல்லி, துணியின் நெசவு முதல் கொண்டையின் முடிச்சு வரை அனைத்தையும் கைவிட்டது எப்படி நியாயமாகும்? அணிகலன்களுக்கோ ஓவியத்தோடு எழுத்துச் சான்றும் இருக்கிறது. ராஜராஜனும் அவன் தமக்கை குந்தவையும் கோயிலுக்கு அளித்த ஏகவல்லி என்ற ஒற்றைவட மாலை, திருப்பட்டிகை என்ற இடையணி போன்றவற்றின் எடையைக் கழஞ்சும் மஞ்சாடியுமாக, கோத்த முத்துகளின் எண்ணிக்கையோடு கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இத்தனை விவரம் கிடைத்தும், கதாநாயகியின் கழுத்தில் தொங்குவது இன்றைய கல்யாண மண்டபத்து வாடகை நகைதான்.

கட்டடங்களின் கதை இன்னும் மோசம். பல மடிப்பு வளைவுகளும் கும்மட்டங்களும் கொண்ட மண்டபத்தில் சோழ மன்னர் கொலுவீற்றிருப்பார். அத்தகைய வளைவுகளைத் தமிழ்நாட்டில் காண வேண்டுமானால் 17ஆம் நூற்றாண்டின் திருமலை நாயக்கர் மகாலுக்கு வர வேண்டும். அரசர் உலா வரும் வீதியின் முடிவில் வானளாவும் ராஜகோபுரம் தெரியும். ராஜராஜன் காலத்தில் ஓங்கி நின்றது கருவறை மேலுள்ள விமானம். வாயிலில் மாபெரும் கோபுரங்களை எழுப்பும் வழக்கம் விசயநகர, நாயக்கர் காலங்களில்தான் உச்சம் தொட்டது. கங்கைகொண்டசோழபுரத்தை அடுத்த மாளிகைமேட்டில் நடந்த அகழாய்வுகளில் சோழர் அரண்மனையின் செங்கற் சுவர்களும் கூரை ஓடுகளும் வெளிப்பட்டுள்ளன. கருங்கல் அடித்தளத்தில் மரத்தூண் நிறுத்தி ஓடு வேய்ந்த மாளிகை என்பது ஆய்வாளர் கருத்து. அப்படி ஓர் அரங்கம் அமைக்க, நாரிழைக் கும்மட்டங்களுக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகவே ஆகும் என்று நினைக்கிறேன். அரண்மனைச் சமையற்கூடத்தில் தக்காளியும் மிளகாய் வற்றலும் தலைகாட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1498க்குப் பிறகு போர்ச்சுக்கீசியர் வழியாக வந்த அமெரிக்கப் பயிர்கள் அவை.

உரையாடலைப் பற்றி ஒரு சொல். பெரிய கோயிலுக்குத் தரப்பட்டவற்றைக் கல்லில் வெட்டச் சொன்ன ராஜராஜனின் ஆணை, "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று நம் வீட்டுப் பேச்சைப் போலவே ஓடுகிறது. அந்த அரசரைத் தொடர்களில் மேடைத் தமிழில் முழங்க வைப்பவர்கள், அவர் தங்கள் வசனங்களைவிட எளிமையாகப் பேசினார் என்பதை அறிந்தால் வியப்படைவார்கள்.

ஆடையிலும் மாளிகையிலும் நேரும் பிழைகளை அவசரம் என்றோ அறியாமை என்றோ மன்னித்துவிடலாம். நடிகர் தேர்வில் நடப்பதை என்னால் அப்படி மன்னிக்க முடியவில்லை. நடிகர் எந்த மாநிலத்தில் பிறந்தார், வீட்டில் எந்த மொழி பேசுகிறார் என்பவை எனக்குப் பொருட்டல்ல. நன்றாக நடித்தால் யார் வேண்டுமானாலும் ராஜேந்திரனாகலாம். ஆனால் அரசர், அரசி, இளவரசர், இளவரசி எல்லோரும் வெளிர்நிறத்தவராகவும், காவலர், பணிப்பெண், சதிகாரர், காட்டுவாசி ஆகியோர் மட்டும் கறுப்பாகவும் தேர்ந்தெடுக்கப்படும்போது, போதாக்குறைக்கு வெளுத்த நடிகருக்குக் கரி பூசி வில்லனாக்கும்போது, அது தற்செயலான பிழையாக இருக்க முடியாது. தற்செயலான பிழை எல்லாத் திசையிலும் நிகழும். இது எப்போதும் ஒரே திசையில் நிகழ்கிறது. சோழர்கள் அனைவரும் கருநிறத்தவர் என்று யாரும் சாதிக்க வேண்டியதில்லை. தஞ்சை ஓவியங்களில் பழுப்பு, மஞ்சள் கலந்த மாநிறம், கரும்பச்சை எனப் பல மேனிகள் ஒரே காட்சியில் கலந்து நிற்கின்றன; அரசகுலம் வெளுப்பு, ஏவலர் கறுப்பு என்று பிரித்துத் தீட்டிய தடயம் என் கண்ணுக்குத் தென்படவில்லை. அதற்கும் முந்தைய சங்கப் பாடல்களில் தலைவியின் மாந்தளிர் போன்ற மாமை நிறமே பேரழகு. பிரிவால் பசலை என்னும் வெளிறல் படர்ந்து அந்த நிறம் போகிறதே என்றுதான் அவள் கலங்குகிறாள். அந்தத் தலைவியின் தாய் இன்று நம் தொடர்களைப் பார்த்தால், நாயகிகள் எல்லோருக்கும் பசலை நோய் என்று முடிவு கட்டி நோய் தீர்க்க வெறியாட்டு ஆடும் முருக பூசாரியான வேலனை அழைத்துவிடுவாள்.

துணைப் பாத்திரங்களிலும் இதே அலட்சியம் தெரிகிறது. ஆடல்மகள் என்றால் ஒற்றனின் கையாள், அல்லது மயக்கித் துரோகம் செய்பவள். பெரிய கோயிலுக்கு ராஜராஜன் அழைத்துவந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல்மகளிரின், பெயர்களோ கல்வெட்டில் தனித்தனியே உள்ளன. யார் ஆரூரிலிருந்து வந்தவர், யார் பழையாற்றிலிருந்து வந்தவர், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதெல்லாம் அதில் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் பங்காக விதிக்கப்பட்டிருந்தது. பெயரும் முகவரியும் வருமானமும் பதிவான பெண்களை வைத்து எழுதக்கூடிய கதைகள் எத்தனை!

இந்த நிலைக்கு ஒரு காரணம், இந்தியில் எடுத்துத் தமிழில் மொழிமாற்றம் செய்து ஒளிபரப்பப்பட்ட புராணத் தொடர்கள். அவற்றின் செதுக்கிய மார்பும் வெளிர்மேனியும் பொன்முலாம் பூசிய அரங்கமும் வெற்றிக்கான அச்சாகிவிட்டன. விளம்பரதாரர்களின் விருப்பமும் இருக்கலாம். ஆனால் 2020இல் சிவப்பழகு கிரீம் ஒன்றே தன் பெயரை மாற்றிக்கொண்டது. பணமில்லை, நேரமில்லை என்ற சமாதானத்தையும் முழுமையாக ஏற்பதற்கில்லை. 1988இல் தூர்தர்ஷனுக்காக ஷியாம் பெனகல் இயக்கிய 'பாரத் ஏக் கோஜ்' தொடரில் சோழர்களுக்கென்றும் பகுதிகள் இருந்தன. அவர்கள் இந்தியில் பேசினார்கள் என்பது உண்மை. ஆயினும் அறிஞர்களைக் கலந்துகொண்டு எடுத்த அந்தத் தொடரின் அடக்கம், நம் மொழியிலேயே எடுக்கப்படும் இன்றைய தொடர்களில் இல்லை.

தொலைக்காட்சி நிறுவனங்களிடம் நான் வேண்டுவது அதிகமில்லை. கல்வெட்டும் கலை வரலாறும் அறிந்த எவரிடம் ஆலோசனை பெற்றார்கள் என்பதைத் தொடரின் தொடக்கத்தில் பெயரோடு போடட்டும். பெயர் போட ஆள் இல்லையென்றால் அதுவும் பார்வையாளருக்குத் தெரியட்டும். உட்சுற்று ஓவியங்களைப் பொதுமக்கள் நேரில் காண்பது அரிது என்றாலும், அவற்றின் நகல்கள் பெரிய கோயில் வளாகத்தில் தொல்லியல் துறை அமைத்துள்ள விளக்கக் கூடத்தில் இருக்கின்றன. தொடக்க விழாவுக்கு முன் சாமி கும்பிட வரும் தயாரிப்பாளர்கள், ஆடை வடிவமைப்பாளரையும் நடிகர்களைத் தேர்வு செய்பவரையும் உடன் அழைத்துவந்து அந்தக் கூடத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம். கோயிலுக்குள் நுழையக் கட்டணம்கூடக் கிடையாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்